ஆஸ்பத்திரிக்கு நான் சொன்ன வழி

"1931, கண்டி. குளத்தைச் சுற்றி நடந்தேன். வெயில் கடுமையில்லை." அன்றைய என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். நடந்ததை எழுதவில்லை.

கையில் வரைபடத்துடன் ஊரைத் தனியே நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த கணவனும் மனைவியும் குளக்கரையில் என்னை நிறுத்தினார்கள். அவள் தோளில் காய்ச்சலில் துவண்ட குழந்தை.

"ஆஸ்பத்திரிக்கு எப்படிங்க போறது?"

எனக்கும் ஊர் புதிது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டேன். வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, குத்துமதிப்பாக மேட்டைக் காட்டினேன்.

"இன்னும் ஏறணுமா?" என்றான் அவன்.

"படிச்சவங்க சொல்றாங்கல்ல, வாங்க" என்று அவள் முன்னால் ஏறினாள்.

ஒரு மணி நேரம் கழித்து, தேநீர் குடிக்கப் போன தேத்தண்ணிக் கடையின் முஸ்லிம் நானாவிடம் மேட்டு ஆஸ்பத்திரியைப் பற்றி விசாரித்தேன்.

"மேலயா? அங்க வெள்ளக்காரன்ட பங்களாதான் ஈக்கி. ஆஸ்பத்திரி கீழ. யாரு அப்பிடிச் சொன்ன?"

"நான்தான்" என்றேன். அவர் சிரித்தார்.

மேட்டில் ஏறித் தேடினேன். அவர்கள் இல்லை. ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன். அப்படியொரு குழந்தை வந்ததா என்று விசாரித்தபோது எழுத்தர் பெயரைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வாசலில் இருந்த மர வாங்கில் மாலைவரை உட்கார்ந்திருந்தேன்; அவர்களைக் காணவில்லை. அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை.

இப்போதெல்லாம் தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். அந்தக் குழந்தை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததா என்பதை மட்டும் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.