நாக்கின் ஓரத்தில் எடுத்த துணுக்கு

என் நாக்கின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தது. வலி இல்லை. வெற்றிலையும் புகையிலையும் போடுகிற வாய், சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிற எங்களுக்குக் கால் வெடித்தாலும் கை கிழிந்தாலும் ஒரே வைத்தியம்தான். உப்பு விளையும் பக்குவத்தில் பாத்தியில் நிற்கும் கெட்டித் தண்ணீரை ஊற்றிக்கொள்வோம். அதையே வாயில் வைத்துக் காலையும் மாலையும் கொப்பளித்தேன். படலம் போகவில்லை. சுற்றியிருந்த இடம் வெந்துபோனதுதான் மிச்சம். இதைப் படிக்கிற நீங்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

புதுச்சேரியில் வாயைப் பார்த்த டாக்டரம்மா, பயாப்சி (சதையில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்ய வேண்டும் என்றார். கொப்பளித்த கதையைக் கேட்டதும் அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இப்போது எடுத்தால் எது நோய், எது உப்பு செய்த வேலை என்று பிரிப்பது கஷ்டம் என்றார். எதையும் போடாமல், புகையிலையையும் விட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

அந்த இரண்டு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் தங்கை வசந்தா மட்டும் போனில் ஒரு வீடியோ காட்டினாள். லேசரில் எடுத்தால் ரத்தம் இல்லை, தையல் இல்லை. கத்தி என்றால் எனக்குக் கை கால் ஓடாது. லேசர்தான் என்ற முடிவோடு போனேன்.

டாக்டரம்மா மறுத்தார். "லேசர்ல ரத்தம் கம்மிதாம்மா. ஆனா அந்தச் சூட்டுல துணுக்கோட ஓரம் கருகிடும். நோய் ஓரம் வரைக்கும் பரவியிருக்குதான்னு பாக்கணும். கருகிட்டா என்னத்தப் பாக்குறது?"

"அப்போ லேசரே வேணாங்களா?" என்று கேட்டார் என் கணவர் ஏழுமலை.

"வேணும். மொதல்ல கத்தியால எடுத்து என்னன்னு தெரிஞ்சிக்கலாம். கேன்சர் இல்லன்னா, படலத்த எடுக்க லேசர் போட்டுக்கலாம்."

மரத்துப்போக ஊசி போட்டார்கள். நான் பயந்த நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை, வேலை முடிந்துவிட்டது.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் டிஸ்பிளாசியா (செல்கள் மாறத் தொடங்கிய நிலை, விட்டுவிட்டால் புற்றுநோயாகலாம்). அங்கேயே அழுதுவிட்டேன். சந்தோஷமா பயமா என்று கேட்டால் இரண்டும்தான்.

படலத்தைப் பிறகு லேசரில் எடுத்தார்கள். ரத்தம் வரவில்லை, வீடியோவில் சொன்னது சரிதான். சுட்ட புண் ஆறத்தான் நாளானது. கத்திக் காயம் அன்றைக்கே வலித்துச் சீக்கிரம் மூடிக்கொண்டது. லேசர் புண்ணோ கஞ்சியும் தயிருமாகவே என்னை இழுத்தடித்தது. எது நல்லது என்று இப்போது என்னிடம் கேட்பவர்களை, எதற்காக எடுக்கிறார்கள் என்று முதலில் டாக்டரிடம் கேட்கச் சொல்கிறேன்.

அந்த ஓரத்தில் இன்னும் ருசி சரியாகத் தெரியவில்லை. சாப்பாட்டை வலது பக்கம் ஒதுக்கப் பழகிவிட்டேன். படலம் திரும்ப வருகிறதா என்று பார்க்க அவ்வப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போகாத மாதங்களில் ஏழுமலை டார்ச் அடித்து என் வாயைப் பார்க்கிறார். கல்யாணமானதிலிருந்து என் முகத்தை இவ்வளவு கவனமாக அவர் பார்த்ததில்லை.

"ஒண்ணும் இல்ல. சாப்புடு" என்கிறார்.

முன்பு ஒன்றும் இல்லை என்றால் என்றைக்குமே ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அது அடுத்த மாதம் வரைக்கும்தான். அதுவரைக்கும் போதும் என்று சோற்றைப் பிசைகிறேன்.