தேயிலைக்குள் போன முதல் பந்து

எனக்கென்று அளவெடுத்துச் செய்த பொருள் என்று அதுவரை என்னிடம் இருந்தது கல்யாணச் சட்டை ஒன்றுதான். அதற்கும் இப்போது பொத்தான் போட முடியாது. நாற்பத்தாறு வயதில் இரண்டாவதாக வந்து சேர்ந்தது ஒரு கிரிக்கெட் மட்டை.

வாங்கியது வீம்புக்குத்தான். எங்கள் எஸ்டேட் அணிக்கு என் மனைவியின் தம்பி கேப்டன். ரிங்லெட் டவுனுக்குப் போய் அந்த ஊர் அணியோடு ஆட ஆள் எடுத்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, இந்தத் தடவ நீங்க ஸ்கோர் எழுதுங்களேன். பந்து உங்க மட்டைய விட்டு நகரவே மாட்டேங்குது" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஸ்கோர் நோட்டைக் கையில் வாங்கியவன் மறுபடி மட்டையைத் தொட்டதாக எங்கள் எஸ்டேட்டில் சரித்திரம் இல்லை.

"மட்டை சரியில்லலா" என்றேன்.

"ஆட்டத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள நம்ம தெடல்ல ஆடிக் காட்டுங்க, பாக்கலாம்."

அன்றைக்கே இந்தியாவில் மட்டை செய்யும் ஒருவருக்குப் போனில் எழுதினேன். பெண் கொடுக்கப் போகிறவரைப் போல அவர் என்னைக் கேள்வி கேட்டார். உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, கை எவ்வளவு பெரியது. பழைய மட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பந்து பட்ட சிவப்புத் தழும்பெல்லாம் அதன் அடியிலேயே இருந்தது. எங்கள் திடல் எப்போதும் ஈரம், பந்து முட்டிக்கு மேல் எழும்பாது. அப்படியானால் கனத்தைக் கீழே வைத்துச் செய்கிறேன் என்று பதில் வந்தது.

பார்சல் வந்த அன்று கொழுந்து லோரியை பேக்டரியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பிரித்ததும் புது மர வாசனை. வெள்ளை முகத்தில் நேர் நேராக எட்டு ரேகைகள். அடிப்பக்கம் நல்ல சதைப்பிடிப்பு, ஆனால் கையில் தூக்கினால் கனமே தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணாடி முன்னால் நின்று நாலைந்து முறை வீசிப் பார்த்தேன். மனைவி சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்துவிட்டாள். மோட்டார் வாங்கினாலும் மிக்சி வாங்கினாலும் அவளுக்கு அது நடந்தாக வேண்டும். மட்டையின் முகத்தில் வேண்டாம் என்று கெஞ்சி, பின்பக்கம் வைக்கச் செய்தேன்.

"என்னா வேண்டிக்கிட்ட?"

"மானத்தோட வீடு வந்து சேரணும்னு."

பந்து பட்டு வெடிக்காமல் இருக்க, இரண்டு வாரம் சாயங்காலமெல்லாம் மரச்சுத்தியால் அதைத் தட்டித் தட்டிப் பழக்கினேன். சத்தம் தாங்காமல் லைன் வீடு முழுக்க என்னைத் திட்டியது.

எங்கள் திடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுற்றிலும் தேயிலை. பந்து உருண்டு அதற்குள் போனால் நாலு ரன். பறந்து போய் விழுந்தால் அவுட். பந்தைத் தேடுகிறோம் என்று கொழுந்தை மிதிக்கிறோமாம், ஏதோ ஒரு காலத்துத் துரை போட்ட சட்டம். அவர் போய்விட்டார், சட்டம் போகவில்லை. இருபது வருடத்தில் நான் ஒரு தடவைகூட அப்படி அவுட் ஆனதில்லை என்று பீற்றிக்கொள்வேன். என் பழைய மட்டையில் பந்து அவ்வளவு தூரம் போனதே இல்லை என்பதுதான் உண்மை.

ரிங்லெட் ஆட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பனி விலகியதும் எங்கள் திடலில் எங்களுக்குள்ளேயே ஆட்டம் தொடங்கியது. மனைவியும் வந்து ஓரமாக உட்கார்ந்தாள். மைத்துனனே பந்து போட்டான். முதல் பந்து. வழக்கம்போலத் தரையோடு தள்ளத்தான் மட்டையை நீட்டினேன். டொக்கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது, கையில் ஒன்றுமே தெரியவில்லை. பந்து அவன் தலைக்கு மேலே போய், ஓரத்துத் தண்ணீர்க் கானைத் தாண்டி, தேயிலையில் மூன்றாவது வரிசையில் விழுந்தது.

அவுட். திடலே சிரித்தது. இத்தனை நாள் வீறாப்பு ஒரே பந்தில் போய்விட்டது. ஆனாலும் அந்த அடியின் சுகம் கையை விட்டுப் போகவில்லை. நானும் பல்லைக் காட்டிக்கொண்டேதான் வெளியே வந்தேன். யாரும் சொல்வதற்கு முன்னால் நானே போய் ஸ்கோர் நோட்டை எடுத்து, என் பெயருக்கு நேரே முட்டை போட்டேன்.

மைத்துனன் வரிசைக்குள் கவனமாகக் கால் வைத்துப் பந்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். மட்டையை வாங்கித் தூக்கிப் பார்த்தான், திருப்பிக் குங்குமத்தைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கினான்.

"ரிங்லெட்ல சுத்தித் தேயில இல்லலா, மாமா" என்றான். நோட்டை என் மனைவியிடம் நீட்டினான். "அக்கா, அன்னைக்கு நீ எழுது."