சார்ஜ் இல்லாத புரொஃபெஷனல்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. என் மனைவி வசந்தா குளியலறைக்குள் மாட்டிக்கொண்டாள்.

மூன்று வாரமாகவா என்று கேட்காதீர்கள். ஐம்பது நிமிடம்தான். மிச்ச நாளெல்லாம் அதன் பின்கதை.

கணியம்பாடியிலிருந்து அமிர்தி போகும் சாலையில், மலை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீடு. அன்றைக்கு விடியற்காலையில் நல்ல மழை, கூடவே காற்று. எழுந்து பார்த்தால் கரண்ட் இல்லை. சாலையில் ஒரு பெரிய புளியமரம் மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு குறுக்கே படுத்திருந்தது. பத்து மணிக்கு வசந்தா குளிக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் பக்கெட் உருளும் சத்தம். அதற்குப் பிறகு இன்னொரு சத்தம்... அது பக்கெட் இல்லை.

ஓடினேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

வசந்தா முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அதனால் உள்ளேயிருந்து அழுகை வரவில்லை. ரிப்போர்ட் வந்தது.

“விழுந்துட்டேன். இடது கணுக்கால் ஒடைஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். தலையில அடி இல்ல. எழுந்து நிக்க முடியல, தாழ்ப்பாளு எட்டல. நீங்க பதறாதீங்க.”

பதறினேன்.

அந்தக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குளியலறைக்கு எல்லோரும் பிளாஸ்டிக் கதவு போடுகிறார்கள். நான் பழைய வீடு இடித்த இடத்தில் தேடிப் பிடித்து, வேங்கை மரக் கதவு வாங்கிப் போட்டேன். வருகிறவர்களிடம் எல்லாம் அதைத் தட்டிக் காட்டுவேன். வெளிப்பக்கம் திறக்கிற கதவு. உதைத்தால் சட்டத்தில் போய் முட்டுமே தவிர அசையாது. கடப்பாரையால் நெம்பலாம். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் ஒட்டினாற்போல் வசந்தா கிடக்கிறாள். கடப்பாரை நழுவினால்? மேலே இருக்கும் வென்டிலேட்டரில் பூனை நுழையலாம். நான் நுழைய முடியாது.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். கிளம்பிவிட்டோம், ஆனால் சாலையில் கிடக்கும் மரத்தை அறுத்துத் தள்ளிவிட்டுத்தான் உங்கள் பக்கம் வர முடியும் என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு என் டிரில் ஞாபகம் வந்தது.

சாதாரண டிரில் இல்லை. புரொஃபெஷனல். பதினெட்டு வோல்ட், வயர் கிடையாது, கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார். வீடு கட்டி முடித்தபோது பதினைந்து நாள் வீடியோவாகப் பார்த்து, தொழில்காரர்கள் வைத்திருக்கும் மெஷின்தான் வேண்டும் என்று வேலூர் கடையில் அடம்பிடித்து வாங்கியது. கடைக்காரர் ஒருமுறை கேட்டார்: “சாருக்கு இன்னா வேலை?” வீட்டு வேலைதான் என்றேன். அவர் உடனே பில் போட்டார். நல்ல வியாபாரி.

வாங்கிய பிறகு அந்த மெஷின் என்ன செய்தது? நான்கு ஜன்னலுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்டியது. சாவி தொங்கவிட ஒரு பலகை. கடைசியாக ஒரு சுவர்க் கடிகாரம். அதோடு சரி. அதன் பிறகு அலமாரியில், அதற்கென்றே வந்த பெட்டிக்குள், இராணுவ அதிகாரி ஓய்வு பெற்றதுபோல உட்கார்ந்திருந்தது.

பெட்டியைத் திறந்து விசையை அழுத்தினேன். சின்ன விளக்கு மூன்று முறை கண் சிமிட்டியது. அவ்வளவுதான். கடிகாரம் மாட்டிய அன்றைக்கே சார்ஜ் தீர்ந்திருக்கிறது. அப்படியே உள்ளே வைத்து மூடியிருக்கிறேன்.

கரண்ட் இருந்தால் சார்ஜ் போடலாம். கரண்ட் இல்லாத நேரத்துக்காகத்தானே வயர் இல்லாத மெஷினே வாங்கினேன்?

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே ஜெயசீலி இருக்கிறார். நாற்பது வயது இருக்கும். தேனீ வளர்ப்பவர்களுக்கு மரப்பெட்டி செய்து கொடுக்கிறார். முதலில் தன் வீட்டுக்கு இரண்டு பெட்டி செய்தார். அதைப் பார்த்துவிட்டுக் கேட்டவர்களுக்குச் செய்யப்போய் அதுவே தொழிலாகிவிட்டது. அவரும் ஒரு டிரில் வைத்திருக்கிறார். பச்சைக் கலரில், பொம்மை மாதிரி, கேள்விப்படாத கம்பெனி. அதை வாங்கும் முன் என்னிடம் யோசனை கேட்டார். நான் அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். மலிவாக வாங்காதீர்கள், மோட்டார் தாங்காது, பேட்டரி ஊதிப்போகும், ஒரு தடவை வாங்கினாலும் உருப்படியாக வாங்க வேண்டும்... எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் போய் அந்தப் பச்சையை வாங்கிவந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். படித்துப் படித்துச் சொன்னதை யாராவது கேட்காவிட்டால் வரும் அந்த வருத்தம்.

விஷயத்தைச் சொன்னேன். ஜெயசீலி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உங்க பேட்டரியும் சார்ஜரும் கையில கீதா?”

கையில்தான் இருந்தது. ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது. வாங்கித் தன் வீட்டு இன்வெர்ட்டரில் செருகினார். ஃபேனையும் லைட்டையும் நிறுத்தினார். “இது ஏறட்டும். அதுக்குள்ள என்னுத வெச்சி ஆரம்பிப்போம், வாங்கண்ணே” என்றார். பச்சை மெஷின், மரத்தைத் துளைக்கும் பிட்டுகள், ஒரு சுத்தியல், ஒரு உளி. நான் சொல்ல நினைத்த யோசனைகள் எல்லாம் அவருக்குப் பின்னால் நடந்துவந்தன.

தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டு, கதவில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். வட்டத்தைச் சுற்றி நெருக்க நெருக்கமாக ஓட்டை போட்டு, நடுவில் தட்டினால் மரம் விழுந்துவிடும். கை நுழைத்துத் தாழை இழுக்கலாம். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

“அக்கா, பிட்டு அந்தப் பக்கம் வரும். தலைய நவுத்திக்க முடியுமா?”

“நவுர முடியல. பக்கெட்ட கவுத்துக்கறேன்,” என்றாள் வசந்தா உள்ளேயிருந்து.

சொன்னபடி தலையில் பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

முதல் ஓட்டை. இரண்டாவது. மூன்றாவது. வேங்கை மரம் லேசுப்பட்டதா? பச்சை மெஷின் முனகியது. நான்காவது ஓட்டையில் ஒரு பேட்டரி தீர்ந்தது. ஜெயசீலி பாவாடைப் பையிலிருந்து அடுத்ததை எடுத்து மாட்டினார். ஆறாவது ஓட்டையில் பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. நிறுத்தி ஆறவிடலாம் என்றேன். அவர் நிறுத்தவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வசந்தா பதில் சொல்வதை நிறுத்தினாள்.

நிமிடத்துக்கு ஒருமுறை “வசந்தா, முழிச்சிருக்கியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை “ம்” வந்தது. இப்போது வரவில்லை. மறுபடி கேட்டேன். இல்லை. கதவைத் தட்டினேன். இல்லை. ஈரத் தரையில் அரை மணி நேரமாகக் கிடக்கிறாள். தலையில் அடி இல்லை என்று சொன்னவள் அவள்தான். வேறு யார் பார்த்தார்கள்? கதவோரம் உட்கார்ந்து, காதை மரத்தில் வைத்தேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அவளிடம் சொல்லாமல் விட்டது எதுவும் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. பேட்டரியைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கக்கூடாதா என்ற ஒன்றுதான் திரும்பத் திரும்ப ஓடியது. மனசு அப்படித்தான் வேலை செய்கிறது போலிருக்கிறது.

எட்டாவது ஓட்டையின் பாதியில் பச்சை மெஷினிலிருந்து புகை வந்தது. நின்றது. அதன் கதை முடிந்தது.

ஜெயசீலி அதைத் தரையில் வைத்தார். “உங்க பேட்டரி எட்துனு வர்றேன்,” என்று ஓடினார்.

எத்தனை நிமிடம் ஏறியிருக்கும்? இருபதுக்கு மேல் இருக்காது. மாட்டி அழுத்தியதும் என் மெஷின் உறுமியது. நியாயமாகச் சொல்ல வேண்டும் – அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. பச்சை மூச்சுத் திணறிய மரத்தில், மீதி ஓட்டைகளை ஐந்தே நிமிடத்தில் போட்டது. போட்டது ஜெயசீலிதான். என்னிடம் நீட்டியபோது நான் அதைத் தலைகீழாகப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

சுத்தியலால் ஒரு தட்டு. வட்டம் உள்ளே விழுந்தது, நேராகப் பக்கெட்டின் மேல். ‘டங்’ என்ற சத்தத்தோடு வசந்தாவின் குரல் வந்தது.

“மெல்ல.”

ஜெயசீலி கையை விட்டுத் தாழை இழுத்தார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, நைட்டியும் போர்வையுமாக முதலில் அவர்தான் உள்ளே போனார். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். ஏன் பதில் சொல்லவில்லை என்று வசந்தாவைக் கேட்டேன்.

“நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டா நான் இன்னா சொல்றது? வலியில பல்ல கடிச்சினு கீறேன். வாய தொறந்தா அழுதுடுவேன். நான் அழுதா நீங்க தாங்குவீங்களா?”

அவள் தோளில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டேன்.

தீயணைப்பு வண்டி வந்தபோது மரம் விலகியிருந்தது. வசந்தாவைத் தூக்கிக் காரில் ஏற்ற அவர்கள்தான் உதவினார்கள். அவர்களில் ஒருவர் கதவில் இருந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று கேட்டார். ஜெயசீலியைக் காட்டினேன். தலையசைத்துவிட்டுப் போனார். வேலூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது கணுக்கால்தான். தலையில் அடி இல்லை. ரிப்போர்ட் அவள் சொன்னதுதான்.

ஜெயசீலிக்குச் செங்கத்தில் ஒருவருக்கு இருபது பெட்டி செய்து அனுப்ப வேண்டியிருந்தது. மெஷினோ எங்கள் கதவுக்காக உயிரை விட்டிருந்தது. என்னுடையதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்தாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார்.

“நல்ல மெஷினுதாண்ணே. ஆனா நாள் பூரா இத்த தூக்கினு ஸ்க்ரூ போட்டா, சாயங்காலம் கை தூக்க முடியல. ரெண்டு பலகை வேற பொளந்துடுச்சி.”

புதிதாக ஒன்று வாங்கிக் கொடுக்க அவரை வேலூருக்கு அழைத்துப்போனேன். அதே கடை. இந்தத் தடவை நான் வகுப்பெடுக்கவில்லை. என் கை மட்டும் பழக்கதோஷத்தில் பெரிய டப்பா பக்கம் போனது. ஜெயசீலி ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். எத்தனை வோல்ட், முறுக்குவிசை எவ்வளவு, எதையும் கேட்கவில்லை. தனியாகப் பேட்டரி கிடைக்குமா, ரிப்பேர் ஆனால் இங்கேயே பார்ப்பீர்களா – இரண்டே கேள்வி. பச்சையைவிட ஒரு படி மேலே, என்னுடையதைவிடப் பல படி கீழே ஒன்றை எடுத்தார். மிச்சப் பணத்துக்கு நல்ல பிட்டுகளாக வாங்கிக்கொண்டார்.

என்ன டிரில் வாங்கலாம் என்று எனக்கு எழுதிக் கேட்டவர்கள் உண்டு. வருடத்துக்கு நாலு திரைச்சீலை மாட்டுகிறவரா? மலிவானதே போதும். தினமும் மரத்தோடு மல்லுக்கட்டுகிறவரா? கைக்கு எது கனமில்லையோ, எதற்குப் பேட்டரி கிடைக்கிறதோ அது. வீட்டில் எல்லாம் கான்கிரீட் சுவரும் வேங்கைக் கதவுமா? பெரியதே வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் ஒன்று. நாம் என்ன வேலை செய்கிறோம் என்று பார்த்து வாங்குவதில்லை. என்னவெல்லாம் செய்யப்போகிறோம் என்று கனவு கண்டு வாங்குகிறோம். நடைப்பயிற்சிக்கு வாங்கிய மெஷினில் துணி காயப்போட்டிருக்கும் வீடுகள் எனக்கு நிறையத் தெரியும். நான் வாங்கியது டிரில் இல்லை. எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் ஓர் ஆளை. அந்த ஆள் வீட்டுக்கு வரவே இல்லை.

இப்போது மாதம் பிறந்தால் முதல் வேலையாகப் பேட்டரியைச் சார்ஜில் போடுவது என்று வைத்திருக்கிறேன். எத்தனை மாதத்துக்கு என்று வசந்தா கேட்கிறாள்.

குளியலறைக்குப் பிளாஸ்டிக் கதவு வந்துவிட்டது. தாழ்ப்பாள் வேண்டாம் என்று வசந்தா சொல்லிவிட்டாள். கட்டுப்போட்ட காலில் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து சத்தமாகப் பாடியபடி குளிக்கிறாள். பாட்டுக் கேட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அவளுக்குச் சுருதி சேராது – நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.