என்னையும் சேர்த்துத் தைத்த சோபா

சோபாவுக்கு ஆர்டர் கொடுத்த டீச்சர் வாட்ஸ்ஆப்பில் மாதிரிப் படம் அனுப்பும்போதே மிரட்டிவிட்டார். முன்பு வேறு கடையில் வாங்கிய சோபாவில் ஆறே மாதத்தில் மடிப்பெல்லாம் தொளதொளத்துக் கிழட்டு யானைத் தோலாகிவிட்டதாம். "நான் வந்து ஒவ்வொரு மடிப்பா பிடிச்சு இழுப்பேன் மேஸ்திரி. ஒண்ணு இளகினாலும் எனக்கு வேண்டாம்." தையல் முடியவேண்டிய நாளுக்கு மறுநாள் அவர் புது வீட்டுப் பால்காய்ப்பு. அதனால் தையல் முடிகிற அன்று மத்தியானமே சோபா மார்த்தாண்டத்தில் எங்கள் கடையிலிருந்து டெம்போ ஏறியாக வேண்டும்.

எங்கள் கடையில் மூளை மனைவி, எடை நான். கேலியில்லை, தொழிலே அப்படித்தான். மடிப்பை அடியிலுள்ள கெட்டித் துணியோடு தைத்தால் மட்டும் போதாது. ஃபோமை நன்றாக அமுக்கிக்கொண்டு, மடிப்பின் பள்ளத்தில் நைலான் நூலை இறக்கி, அடியில் இழுத்துக் கட்ட வேண்டும். அமுக்காமல் கட்டினால் நாலு பேர் உட்கார்ந்ததும் நூல் தொய்ந்து மடிப்பு வாய் பிளக்கும். அமுக்குவதற்கு எங்களிடம் இருந்த ஒரே இயந்திரம் பத்து ஆப்பம் தின்றுவிட்டு, புது லுங்கியில் சீட்டின்மேல் சம்மணமிட்டிருந்தது. இரண்டு ஸ்டூல்களில் தூக்கி வைத்த சோபாவுக்கு அடியில் மனைவி. நான் நீள ஊசியை இறக்குவேன், அவள் திருப்பி ஏற்றுவாள். என் வாயில் பாட்டு வேறு.

கடைசி முடிச்சு விழுந்தது. துள்ளி எழுந்தேன். நான்தான் எழுந்தேன், லுங்கி எழவில்லை.

"ஏட்டி, என்னையும் சேத்து தச்சிட்டியா?"

"மேல இருந்து குத்தினது யாரு, நானா?" என்றது அடியிலிருந்து குரல்.

"நூல வெட்டு."

"வெட்டினா வரிசை முழுக்கப் போவும். ஒரே நூலாக்கும். லுங்கிய அவுத்துப் போட்டுட்டு இறங்குங்க."

"உள்ள கெடக்கது ஓட்டை டவுசராக்கும்!"

"அப்ப கத்திரி எடுக்கட்டா?"

வாசலில் டீச்சரின் குடை தெரிந்தது. சட்டென்று உட்கார்ந்து ராஜா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"எழும்பும் மேஸ்திரி, நான் பாக்கணும்."

"சுத்தி நின்னு பாருங்க டீச்சர். நான் இருந்தா என்ன?"

"ஓய், எனக்க சோபாவுல நீரு குடியேறியாச்சா?"

அடியில் குக்கர் விசில் போல ஒரு சிரிப்பு வெடித்தது. டீச்சர் குனிந்து பார்த்தார். பேச முடியாமல் சிரித்துக்கொண்டிருந்த மனைவி, கையை வெளியே நீட்டி என் லுங்கி விளிம்பைக் காட்டிக்கொடுத்தாள்.

டீச்சர் குடையைக் கீழே வைத்தார். பக்கத்து மடிப்பை இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. அடுத்து லுங்கியைப் பிடித்தார்.

"டீச்சர், வேண்டா..."

டர்ர்ர்ர்!

நான் ஃபோம் அடுக்குக்குப் பின்னால் பாய்ந்தேன். எட்டிப் பார்த்தால், மடிப்பின் பள்ளத்தில் பச்சைக் கட்டம் போட்ட ஒரு துண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் அதைப் பிடித்து மூச்சை அடக்கி இன்னொரு தடவை இழுத்தார்.

"லுங்கி போச்சு, மடிப்பு அனங்கல்ல. கொள்ளாம் மேஸ்திரி! ஏத்தச் சொல்லும் டெம்போவுல."

என் வேலையை ஒருவர் வாய்விட்டுப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. முன்னால் வந்து கும்பிடத்தான் முடியவில்லை.