எந்தச் சோத்தாங்கை?

ரிமோட் விமானம் ஓட்டுவதில் எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது: பறந்துகொண்டிருக்கும்போது படம் போய்விட்டால்?

இந்த விமானங்களை இரண்டு விதமாக ஓட்டலாம். தரையில் நின்று வெறும் கண்ணால் அண்ணாந்து பார்த்து ஓட்டுவது ஒன்று. விமானத்தின் முதுகில் கேமராவைப் பொருத்தி, அது அனுப்பும் படத்தை முகத்தில் மாட்டிய கண்ணாடிக்குள் பார்த்து, உள்ளேயே உட்கார்ந்திருப்பதுபோல் ஓட்டுவது மற்றொன்று. வெறும் கண்ணால் ஓட்டிய முதல் விமானம் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு நொறுங்கியது. இரண்டாவது, மாசி மகத்துக்கு மறுநாள். நாட்குறிப்பில் இரண்டுக்கும் ஒரே காரணம்தான் எழுதியிருக்கிறேன்: 'எதிரே வந்தது, குழம்பினேன்.' விமானம் விலகிப் போகும்போது அதன் வலமும் நம் வலமும் ஒன்று. திரும்பி நம்மை நோக்கி வந்தால் அதன் வலம் நம் இடம். இதைப் பற்றி நான் படிக்காத கட்டுரை இல்லை. விரலுக்குத்தான் படிப்பு ஏறவில்லை. ஆகவே மூன்றாவதில் கேமராவுக்கு மாறினேன். அதில் வலம் எப்போதும் வலம்தான்.

ஆனால் கண்ணாடி மாட்டினால் சுற்றுமுற்றும் தெரியாது. பக்கத்தில் ஒருவர் நின்று வானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையிலிருந்து ஞாயிறுதோறும் என்னை ஊருக்கு வெளியே, பறக்க அனுமதியுள்ள திடலுக்கு அழைத்துப்போகும் ஆட்டோக்காரரே அந்த வேலையையும் ஏற்றுக்கொண்டார். அடையாற்றங்கரையில் பட்டம் விட்டு வளர்ந்தவர். என் வயதுதான்.

திடலின் வலது ஓரத்தில் ஒரு வேப்பமரம். இடது ஓரத்தில், வேலிக்கு அப்பால், ஒரு டீக்கடை. தார்ப்பாய்க் கூரை, கொதிக்கும் பாய்லர், கடைக்கார அம்மாள். விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறி விரலை நறுக்கிவிடும். படம் போய், அது அங்கே விழுந்தால்?

பங்குனி உற்சவம் முடிந்த ஞாயிறு, படம் போயிற்று. கோடு கோடாக இழுத்தது, பிறகு கறுத்தது. கண்ணாடியைக் கழற்றினேன். வெயில் கண்ணைக் குத்தியது. வானத்தில் ஒரு புள்ளி.

"வருதா, போகுதா?"

"வந்துகினு கீது சார். டீக்கடையாண்ட ஒதுங்குது. சோத்தாங்கை பக்கம் திருப்பு!"

ரிமோட்டில் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினேன். விமானம் இடப்பக்கம் வளைந்து நேராக டீக்கடையை நோக்கி வந்தது.

"இன்னா சார், சோத்தாங்கைன்னா பீச்சாங்கை பக்கம் போற! துன்ற கை சார், துன்ற கை!"

அவர் சொன்னது எங்கள் சோத்தாங்கை. நான் தள்ளியது விமானத்தின் சோத்தாங்கை. விளக்க நேரமில்லை.

"எந்த றெக்கை தாழ்ந்திருக்கு? அத மட்டும் சொல்லுங்க!"

"டீக்கடை பக்கத்து றெக்கை!"

எதிரே வரும் விமானத்துக்குத் தாழ்ந்த இறக்கை எதுவோ, முட்டுக்கொடுப்பதுபோல் ஸ்டிக்கை அந்தப் பக்கமே தள்ள வேண்டும் என்று படித்திருந்தேன். டீக்கடையைக் காப்பாற்ற டீக்கடைப் பக்கமே தள்ளுவதா? கை வரவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு தள்ளினேன்.

என் விரலைப் பார்த்துவிட்டார். "யோவ், அங்கியே தள்றியே!"

இறக்கை நிமிர்ந்தது. தார்ப்பாயை நோக்கியிருந்த மூக்கு மெல்லத் திரும்பியது. வேலிக்கு இந்தப் பக்கமாகவே வந்து எங்கள் தலைக்கு மேல் கடந்தது. இப்போது விலகிப் போகிறது, வலம் வலம்தான். வேகத்தைக் குறைத்தேன். புல்லில் வயிற்றால் சறுக்கி நின்றது.

ஆட்டோக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "யோவ்னு சொல்ட்டேன் சார். மனசுல வெச்சுக்காத."

"வேணும்னா இன்னொரு தடவை சொல்லுங்க."

"இனிமே சோத்தாங்கையும் வாணாம், பீச்சாங்கையும் வாணாம். டீக்கடை பக்கம், வேப்பமரம் பக்கம். சவாரிக்கு வழி கேட்டா அப்டித்தான சொல்றாங்கோ?"

டீக்கடைக்கு நடந்தோம். கடைக்கார அம்மாள் பால் பொங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"ரெண்டு டீயா?"

அந்தக் கேள்வியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.

பிறகு கண்ணாடியை ஆட்டோவில் வைத்துவிட்டு, வேப்பமரப் பக்கமாக, டீக்கடையிலிருந்து வெகுதூரம் தள்ளி, வெறும் கண்ணால் ஒரு சுற்று விட்டேன். வேண்டுமென்றே என்னை நோக்கி வரவைத்தேன். ஓர் இறக்கை தாழ்ந்தது. கட்டைவிரல் என்னைக் கேட்காமலே அந்தப் பக்கம் போயிற்று.