உப்புப் போடாத தோல்

ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். உப்புப் போடாமல் தோல் கொண்டுவருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. "ஒரே ஒரு ஈ ஒக்காந்தா போதும்யா, நூறு முட்டை வெச்சிட்டுதான் எந்திரிக்கும்!" என்று கத்துவேன்.

போன பக்ரீத்துக்கு ஆட்டைக் குர்பானி கொடுத்ததும், மதரஸாவுக்குத் தர வேண்டிய அதன் தோலை மாடியில் போட்டோம். "உப்புப் போட்ருடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுக் கறி பங்கிடப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் மதரஸாவிலிருந்து ஆள் வந்து தோலை விரித்தார். ரோமத்தில் கொத்துக் கொத்தாக ஈ முட்டை. சதைப் பக்கம் முழுக்கப் புழு நெளிந்தது.

"இன்னாடா இது?" என்று தம்பியிடம் பாய்ந்தேன்.

"வீட்ல உப்பு கம்மியா இருந்துச்சு பாய். கிடங்குலேர்ந்து நீ கொண்டாருவேன்னு நெனச்சேன்."

அறைய ஓங்கிவிட்டேன். அதற்குள் வந்தவர், "தோல் வேலை செய்றவர் வூட்லயேவா பாய்?" என்று கேட்டுவிட்டு வெறும் சாக்கோடு இறங்கிப் போனார். ஓங்கிய கை அப்படியே நின்றது. ஊரார் தோலையெல்லாம் விரித்துப் பார்த்துத் திட்டுகிற நான், என் வீட்டுத் தோலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு ஆடு வருவதற்கு முன்பே உப்பு மூட்டை வந்துவிட்டது. அதைத் தோலில் தேய்த்தது என் கைதான்.