ஆறு மணிக்கு மேல் வேறு விலை

டீசல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் எடுத்தபோது என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர் காண்டிராக்டர். சூளகிரிப் பக்கம் இருந்த ஒரு கம்பெனிக்கு, ஓசூரிலிருந்து ஆபீசர்களைக் கொண்டுபோய்விடும் வண்டிகள் எல்லாம் அவர் கையில். என் காரும் அவரிடம்தான் ஓடியது.

"கரண்ட்ல ஓடற வண்டிக்கு டீசல் வாடகை எதுக்குப்பா?" என்று கேட்டு, மாத வாடகையைக் குறைத்தார். கடன் வாங்கிக் கார் எடுத்தவன் நான். அதில் மிச்சமாகும் பணத்தை எடுத்துக்கொண்டவர் அவர். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். எதிர்த்துப் பேச எனக்கு வராது.

முதல் வருடம் அப்படியும் கட்டுப்படியானது. ஐந்து குடித்தனம் இருக்கிற லைன் வீட்டில் என் குடும்பம். காருக்கு ஒயர் இழுக்க வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் மாலையில் எல்லோரையும் இறக்கிவிட்டு, நெடுஞ்சாலை ஓரம் ஓர் ஓட்டலுக்குப் பின்னால் இருந்த சார்ஜிங் ஸ்டேஷனுக்குப் போவேன். பிறகு யூனிட் விலை ஏறியது. வரி தனியாகச் சேர்ந்தது. அடுத்து நேரத்துக்கு ஒரு விலை என்று ஆக்கினார்கள். நடுப்பகலில் மலிவு. காலையிலும், மாலை ஆறு மணிக்கு மேலும், முதல் வருடம் கொடுத்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஏன் ஏற்றினீர்கள் என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. பெட்ரோல் பங்க் என்றால் பெட்ரோல் போடுகிறவரிடமாவது முணுமுணுக்கலாம். இங்கே ஓர் இரும்புப் பெட்டியும், செல்போனில் குறைந்துகொண்டே போகும் பணமும்தான்.

மலிவான நடுப்பகலில் என் கார் கம்பெனி கேட்டுக்குள் சும்மா நிற்கும். எப்போது கூப்பிடுவார்களோ என்று தயாராக இருக்க வேண்டும், வெளியே எடுக்கக் கூடாது. உள்ளேயே இரண்டு சார்ஜர்கள் இருந்தன. காசு கிடையாது. ஆனால் அவை ஆபீசர்களின் சொந்தக் கார்களுக்கு. ஒரு வெள்ளைக் கார் காலையில் வந்து மாட்டிக்கொண்டால், நிரம்பிய பிறகும் சாயங்காலம்வரை அங்கேயே நிற்கும். ஒரு நாள் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன். காண்டிராக்ட் வண்டிக்கு அனுமதி இல்லை என்று செக்யூரிட்டி திருப்பி அனுப்பினார்.

கடைசியில் காண்டிராக்டரிடமே போனேன். பழைய வாடகையையாவது கொடுங்கள் என்று கேட்டேன்.

"அது உனக்கும் அந்த மிஷினுக்கும் உள்ள பஞ்சாயத்து. என்ன எதுக்குப்பா இழுக்கற?" என்று சிரித்தார்.

டீசல் ஏறியபோதெல்லாம் இதே மனிதர் வாடகையை ஏற்றிக் கொடுத்திருக்கிறார். அதை நான் சொல்லியிருக்க வேண்டும். படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் வார்த்தை வந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு மாலை. காரில் மூன்று பேர். முன்சீட்டில் இருந்த மேனேஜர், கம்பெனிக்கு ஏதோ பரிசு கிடைத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். புகையைக் குறைத்ததற்காகப் பரிசாம். "நம்ம கேப் வண்டி எல்லாமே எலக்ட்ரிக்ல. அதுக்கே நல்ல மார்க்கு" என்றார் பின்னால் திரும்பி.

ஓசூர் போய்ச் சேரத் தேவையான சார்ஜ் இருந்தது. ஆனாலும் சர்வீஸ் ரோட்டில் திருப்பி, ஓட்டலுக்குப் பின்னால் நிறுத்தி, ஒயரை மாட்டினேன். அப்போது மணி ஆறைத் தாண்டியிருந்தது.

"என்னய்யா இது? எங்கள எறக்கிவிட்டுட்டுப் போட வேண்டியதுதான?" என்று மேனேஜர் சத்தம் போட்டார். நான் செல்போனில் பணம் குறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் யாருக்கோ போன் போட்டபடி தள்ளிப் போனார். பின்சீட்டில் இருந்த இளம் பெண் ஆபீசர் மட்டும் இறங்கி வந்து என் செல்போனில் விலையைப் பார்த்தார்.

"என்னண்ணா, இவ்ளோவா? மத்தியானம் நம்ம கம்பெனியிலயே போட்டுக்கலாமே?"

"எங்களுக்கு விட மாட்டாங்க மேடம். அந்த வெள்ளக் காருக்குத்தான் விடுவாங்க. பரிசு மட்டும் எங்க வண்டியக் காட்டி வாங்குவீங்க."

இவ்வளவு நீளமாக நான் அவர்களிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் ஒயரைக் கழற்றினேன்.

கடைசி ஆளை இறக்கிவிடுவதற்குள் காண்டிராக்டரின் போன் வந்துவிட்டது. நாளையிலிருந்து வண்டி வேண்டாம் என்றார்.

இப்போது ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கெலமங்கலம், தளி என்று கிடைக்கிற சவாரியை ஓட்டுகிறேன். எந்த நேரமும் என்னைக் கட்டிப்போட ஆள் இல்லாததால் மத்தியானமே போய் மலிவு விலையில் சார்ஜ் போட முடிகிறது. கடன் தவணைக்குத்தான் சவாரி போதவில்லை. நெடுஞ்சாலையில் அந்தக் கம்பெனி வண்டிகள் எதிரே வருகின்றன. இப்போதெல்லாம் அவற்றின் கதவில் பச்சை இலை வரைந்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர்கள் ஆறு மணிக்கு மேல்தான் சார்ஜ் போடுகிறார்கள்.